மார்ச் 31க்குள் பிஎம்பி வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் பயிற்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் உங்களில் பலருடைய அலுவலகங்களிலிருந்து ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு சுற்றறிக்கை வருகிறது. லீட் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் மார்ச் 31க்குள், ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். பெறாதவர்கள் இந்த ஆண்டு பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்பட மாட்டார்கள். பயிற்சி நான்கு நாள், இணையவழி. தேர்வுக் கட்டணம் முதல் முயற்சியிலேயே தேறியவர்களுக்கு மட்டும் திருப்பித் தரப்படும். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறும், சாரம் மாறாது. பயிற்சி முடிந்த பிறகு நாள்காட்டியில் மிஞ்சுவது எட்டு வாரம், தாராளமாகப் போட்டால் ஒன்பது.

நாங்கள் சென்னையில் வாரக்கடைசிகளில் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுடன் உட்காருபவர்கள். சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களையும் மாதிரித் தேர்வுகளையும் பார்ப்பவர்கள். சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. டெண்டரில் இத்தனை பிஎம்பி காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். அது உங்கள் தொழில். ஆனால் தேதியைக் கொடுத்தவர்கள் நேரத்தைக் கொடுக்கவில்லை. யாருக்குத் தகுதி இருக்கிறது என்று பார்க்கவில்லை. பயிற்சி தருபவர் என்ன தருகிறார் என்று விசாரிக்கவில்லை. ஒரு ப்ராஜெக்டை இப்படித் தொடங்கலாமா என்று கேள்வி வைத்தால், இந்தத் தேர்வில் ‘ஆம்’ என்று எழுதுகிறவர் தேற மாட்டார்.

தகுதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

நான்காண்டுப் பட்டம் அல்லது அதற்கு இணையானது உள்ளவர் கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் 36 மாதம் ப்ராஜெக்டுகளை வழிநடத்தியிருக்க வேண்டும். டிப்ளமோவோ பள்ளிப் படிப்போ மட்டும் உள்ளவருக்கு அது 60 மாதம். இதோடு 35 மணி நேரத் திட்ட மேலாண்மைக் கல்வி. ‘வழிநடத்தியிருக்க வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ப்ராஜெக்டில் வேலை பார்த்ததும் வழிநடத்தியதும் வேறு வேறு. உங்கள் லீடுகளில் பலர் ஆறு ஆண்டு மென்பொருள் கோடு எழுதி, கடைசி ஒன்றரை ஆண்டுதான் ஆட்களையும் கால அட்டவணையையும் கையாண்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் வருவது 18 மாதம். இன்னொன்று: ஒரே காலத்தில் நடந்த இரண்டு ப்ராஜெக்டுகளின் மாதங்களை இரண்டு முறை எண்ண முடியாது. ஜனவரி முதல் ஜூன் வரை இரண்டு ப்ராஜெக்ட் பார்த்தவருக்கு ஆறு மாதம்தான், பன்னிரண்டு ஆகாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே ஐம்பது, அறுபது பேர் கொண்ட பட்டியல் பயிற்சி நிறுவனத்துக்குப் போகிறது.

போனதும் என்ன நடக்கிறது? விண்ணப்பத்தை ‘நாங்களே நிரப்பித் தருகிறோம்’ என்கிறார்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் அதன் நோக்கம், விண்ணப்பதாரரின் பங்கு, பொறுப்புகள், கிடைத்த முடிவு என்று ஒரு விவரணை எழுத வேண்டும். ஒரே விவரணையில் வாடிக்கையாளர் பெயரையும் மாதங்களையும் மட்டும் மாற்றி இருபது பேருக்கு ஒட்டிவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீட்டு மென்பொருளில் டெஸ்டிங் பார்த்தவர் திடீரென்று ‘ப்ராஜெக்ட் சாசனத்தைத் தயாரித்து ஸ்பான்சரின் ஒப்புதல் பெற்றவர்’ ஆகிவிடுகிறார்.

இந்தச் சான்றிதழைத் தரும் அமைப்பான பிஎம்ஐ, விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தணிக்கைக்கு எடுக்கும். எடுத்தால் 90 நாளுக்குள் பட்டச் சான்று, 35 மணி நேரப் பயிற்சிச் சான்று, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் அதை அறிந்த மேலாளர் ஒருவரின் உறுதிமொழி ஆகிய மூன்றும் போக வேண்டும். உண்மையாகவே தகுதி உள்ளவர்கள்கூட மூன்றாவதில் திணறுகிறார்கள். அந்த மேலாளர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்; விண்ணப்பத்தில் கொடுத்த பழைய அலுவலக மின்னஞ்சல் செத்திருக்கும். அதனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும்: உறுதி தருபவர் யார் என்று தீர்மானிப்பது, அவருடைய இப்போதைய சொந்த மின்னஞ்சலை வாங்குவது, எழுதிய விவரணையை அவருக்கு அனுப்பி ‘இது சரிதான்’ என்று பதில் பெறுவது. இரண்டு வாரம் பிடிக்கும். உங்கள் எட்டு வாரத்தில் இதற்கு இடமே இல்லை.

பொய் விவரணைக்கு உறுதி தரச் சொல்லி உள்ளுக்குள் மேலாளர்களுக்கு அழுத்தம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பிக்கும்போதே ஒவ்வொருவரும் பிஎம்ஐயின் ஒழுக்க நெறிக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கு தூண் மேல் நிற்கும் நெறி அது. உறுதி தருகிற மேலாளர் ஏற்கெனவே பிஎம்பி வைத்திருப்பவர் என்றால் அவரும் அதே நெறிக்குக் கட்டுப்பட்டவர். மாட்டினால் இரண்டு பேருடைய சான்றிதழுக்கும் ஆபத்து. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து அந்த நான்கு நாள் பயிற்சி. 35 மணியை நான்கு நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு எட்டே முக்கால் மணி நேரம் திரையைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு அலுவலக மெயில் பார்ப்பது ஊரறிந்த சங்கதி. அதைவிட முக்கியமானது, அந்த 35 மணி தேர்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டும்தான் என்பது. அதை முடித்ததும் தயாரிப்பு முடிந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் நீங்கள் எட்டு வாரம் போதும் என்கிறீர்கள்.

எவ்வளவு நேரம் தேவை என்று எங்கள் கணக்கைத் தருகிறோம். பாடத்திட்டமான தேர்வு உள்ளடக்கக் குறிப்பைப் படித்து, தன் பலவீனம் எங்கே என்று குறித்துக்கொள்ள 10 மணி. முழு வேலையையும் முன்கூட்டியே திட்டமிடும் முறைக்கு 30. சிறு சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல், இந்த இரண்டும் கலந்த கலப்பு முறை இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 30. இருபது முப்பது கேள்விகளாகச் சிறு தொகுப்புகளைப் போட்டுப் பார்த்து அலச 25. முழுநீள மாதிரித் தேர்வு குறைந்தது மூன்று. ஒன்றை எழுத நான்கு மணி, எழுதியதை அலச ஏழு மணி, ஆக 33. கூட்டினால் 128 மணி. வேலை நாளில் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி என்றால் வாரத்துக்கு 9 மணி. 128ஐ 9ஆல் வகுத்தால் பதினான்கு வாரத்துக்குச் சற்று மேல்.

இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே கற்கிற மூன்று புள்ளி மதிப்பீட்டை உங்கள் சுற்றறிக்கைக்கே போட்டுப் பார்த்தோம். எல்லாம் கூடி வந்தால் 8 வாரம். வழக்கமாக ஆவது 14. ரிலீஸ், காய்ச்சல், வீட்டுக் கல்யாணம், தணிக்கை எல்லாம் சேர்ந்தால் 26. எட்டோடு பதினான்கின் நான்கு மடங்கையும் இருபத்தாறையும் கூட்டினால் 90. ஆறால் வகுத்தால் 15 வாரம். கணிப்பு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று காட்டும் திட்ட விலக்கம் 26இலிருந்து 8ஐக் கழித்து ஆறால் வகுப்பது, அதாவது 3 வாரம். பொறுப்புள்ள ப்ராஜெக்ட் மேனேஜர் 15க்கும் 18க்கும் நடுவில் ஒரு தேதி சொல்வார். நீங்கள் எல்லாம் கூடி வந்தால் ஆகும் காலத்தையே கெடுவாக வைத்துவிட்டீர்கள்.

நேரம் இல்லாதவர் குறுக்கு வழியில் படிப்பார். பயிற்சி தருபவரும் அதற்கு ஏற்றதையே விற்பார். பல வகுப்புகளில் இன்னும், பிஎம்ஐயின் வழிகாட்டி நூலான பிஎம்பாக்கின் ஆறாம் பதிப்பில் உள்ள 49 செயல்முறைகளையும், ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு, கருவி, வெளியீடு என்ற அட்டவணையையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பதிப்பு 2017இல் வந்தது. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு 12 கோட்பாடுகள், 8 செயல்திறன் களங்கள் என்று அமைப்பையே மாற்றிவிட்டது. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: எந்தப் பதிப்பானாலும் பிஎம்பாக் தேர்வின் பாடத்திட்டம் கிடையாது. பாடத்திட்டம் என்றால் அது பிஎம்ஐ இலவசமாக வெளியிடும் தேர்வு உள்ளடக்கக் குறிப்புதான். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறிப்பின்படி கேள்விகளில் 42 சதவீதம் மனிதர்களைப் பற்றியது, 50 சதவீதம் செயல்முறை, 8 சதவீதம் வணிகச் சூழல். மூன்றிலும் பரவி ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் அஜைலும் கலப்பு முறையும். இந்த மடலில் நாங்கள் சொல்லும் தேர்வு எண்களும் தகுதி எண்களும் இந்த 2021 வடிவத்துக்கு உரியவை. குறிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். எழுதப்போகும் தேதிக்கு எது நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் பிடிக்க வேண்டும்.

பயிற்சி நிறுவனத்தின் சரக்கு பழையதா என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. அவர்களுடைய விளம்பரத் தாளைப் பாருங்கள். ‘200 கேள்வி, 4 மணி நேரம்’ என்றிருந்தால் அது 2021க்கு முந்தையது. தங்களைப் ‘பதிவுபெற்ற கல்வி வழங்குநர்’ என்று சொல்லிக்கொண்டால், அந்தத் திட்டத்தையே பிஎம்ஐ எடுத்துவிட்டு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கூட்டாளி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. ‘அஜைல்’ என்பது நான்காம் நாள் கடைசி இரண்டு மணி நேரத்தில் ஓர் அத்தியாயமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம்.

‘நூறு சதவீதத் தேர்ச்சி உத்தரவாதம்’ என்ற வரியின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் படியுங்கள். பெரும்பாலும் அதே வகுப்பில் மறுபடி இலவசமாக உட்காரலாம் என்றுதான் இருக்கும். அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் சில இடங்களில் ஒரு பிடிஎஃப் சுற்றுகிறது: ‘உண்மைத் தேர்வில் வந்த கேள்விகள்’. தேர்வர் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார். ஆகவே அந்தக் கோப்பு ஒன்று திருட்டு, இல்லையென்றால் புளுகு. நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. பழைய கேள்விகள், அவற்றிலும் விடை தப்பு. அதைப் படித்தவர் ஒன்றும் படிக்காதவரைவிட மோசமான நிலையில் தேர்வுக்குப் போகிறார்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல அனுபவசாலிகள் இந்தத் தேர்வில் தடுமாறுவதற்கு முதல் காரணம் உங்கள் அலுவலகங்களில் அவர்கள் பழகிய பழக்கம்.

ஒரு மாதிரிக் கேள்வி. வாடிக்கையாளர் ஒரு டெவலப்பரை நேரடியாகக் கூப்பிட்டு, அறிக்கைத் திரையில் கூடுதலாக இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்கிறார். டெவலப்பர் சேர்க்கத் தொடங்கிவிட்டார். ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்? உங்கள் அலுவலக விடை: சின்ன வேலைதானே, வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது, சேர்த்துக் கொடு. இன்னொரு அலுவலக விடை: டெலிவரி ஹெட்டுக்கு மெயில் போட்டுவிட்டுக் கை கழுவு. மூன்றாவது: டெவலப்பரைக் கூப்பிட்டுக் காய்ச்சு. மூன்றும் தேர்வில் தவறு. முன்கூட்டியே திட்டமிட்ட ப்ராஜெக்ட் என்றால் அந்த மாற்றம் காலத்தையும் செலவையும் தரத்தையும் எப்படித் தொடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு மாற்றக் கோரிக்கை. ஒப்புதல் வந்த பிறகுதான் வேலை. அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையில் இயங்கும் குழு என்றால், அந்த விருப்பம் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனரிடம் போக வேண்டும். பேக்லாக் என்ற வேலைப் பட்டியலில் அதற்கு எந்த இடம் என்று அவர் தீர்மானிப்பார். ஒரே சம்பவம், கேள்வியில் ஸ்க்ரமின் குறுகிய வேலைச் சுற்றைக் குறிக்கும் ‘ஸ்பிரிண்ட்’ என்ற ஒரு சொல் இருப்பதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

மாற்றக் கோரிக்கை வாட்ஸ்அப்பில் வருகிற இடத்தில் எட்டு ஆண்டு இருந்தவருக்கு இந்த விடை இயல்பாக வராது. ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்ற பட்டத்தோடு காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவருக்கு, குழுவே தன் வேலையை மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளும் என்பது பாடப்புத்தகக் கற்பனையாகத் தெரியும். குழுவில் ஒருவர் சொதப்பினால் ஆளை மாற்று என்பது நம் வழக்கம். தேர்வு முதலில் அவரோடு தனியாகப் பேசச் சொல்கிறது. இரண்டு பேருக்குள் சண்டை என்றால் மேலே கொண்டுபோவது நம் வழக்கம். தேர்வு முதலில் சண்டைக்குக் காரணம் என்ன என்று பார்க்கச் சொல்கிறது. மேலே கொண்டுபோவது சரியான விடையாக வரும் இடங்களும் உண்டு, தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட விஷயம் என்றால். அந்த எல்லை எங்கே என்று பிடிபடத்தான் முந்நூறு நானூறு கேள்விகளைப் போட்டு அலச வேண்டியிருக்கிறது. பழக்கத்தைக் கழற்றி வைக்க எட்டு வாரம் போதாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அலசுவது என்றால் மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது கிடையாது. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் நேரே காரணம் எழுத வேண்டும். காரணம் மூன்றே வகை: விஷயம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, இரண்டு விடைக்குள் வந்து நின்று தவறானதை எடுத்தேன். முதல் வகைக்குப் புத்தகம் மருந்து. இரண்டாம் வகைக்கு, கடைசி வாக்கியத்தை முதலில் வாசித்து, ‘முதலில்’, ‘அடுத்து’, ‘சிறந்தது’ என்ற சொற்களில் எது நிற்கிறது என்று பார்த்த பிறகு கதையை வாசிக்கும் பழக்கம். மூன்றாம் வகைக்குத்தான் நேரம் கொட்ட வேண்டும். விட்ட விடை ஏன் மேல் என்று தன் வார்த்தையில் ஒரு வரி எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. சரியாக வந்தவற்றிலும் குருட்டாம்போக்கில் வந்ததைக் குறித்து வைக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஏழு மணி.

கணக்குகளைக் கண்டு பயந்து சூத்திரத் தாளை மனப்பாடம் செய்பவர்கள் அதிகம். வரும் கணக்குக் கேள்விகள் கொஞ்சம்தான், திரையிலேயே கால்குலேட்டரும் உண்டு. எண்ணுக்கு என்ன பொருள் என்பதே கேள்வி. மொத்த பட்ஜெட் 40 லட்சம்; இன்றைக்கு முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 16 லட்சம், முடிந்தது 12 லட்சம், செலவானது 15 லட்சம் என்று வைப்போம். செலவுக் குறியீடு 12ஐ 15ஆல் வகுத்தால் 0.8, கால அட்டவணைக் குறியீடு 12ஐ 16ஆல் வகுத்தால் 0.75. இதே போக்கில் போனால் ப்ராஜெக்ட் 50 லட்சத்தில் முடியும். 40க்குள்ளேயே முடித்தாக வேண்டும் என்றால் மிச்சமுள்ள 28 லட்ச வேலையை மிச்சமுள்ள 25 லட்சத்தில் செய்ய வேண்டும், அதாவது 1.12 என்ற திறனில். இதுவரை 0.8இல் ஓடிய குழு நாளையிலிருந்து 1.12இல் ஓடுமா என்று யோசிக்கத் தெரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் விடை கிடைக்கும்.

தேர்வு நாளுக்கு வருவோம். 2021 வடிவத்தில் 180 கேள்வி, 230 நிமிடம். கேள்விக்கு 76 நொடிக்குச் சற்று மேல். 180இல் 175க்குத்தான் மதிப்பெண்; மற்ற ஐந்து சோதனைக் கேள்விகள், எவை என்று தெரியாது. ஒரு விடை, பல விடை, இழுத்துப் பொருத்துவது, படத்தில் தொட்டுக் காட்டுவது, அரிதாகக் கோடிட்ட இடம் நிரப்புவது என்று வகைகள். அறுபது அறுபதாக மூன்று பகுதி. நடுவில் இரண்டு முறை பத்துப் பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்குப் போன பிறகு முடித்த பகுதிக்குத் திரும்ப முடியாது. ஆகவே 60ஆம் கேள்வி முடியும்போது கடிகாரத்தில் ஏறத்தாழ 153 நிமிடமும், 120 முடியும்போது 77 நிமிடமும் இருக்க வேண்டும். முதல் பகுதியில் நூறு நிமிடம் செலவழித்துவிட்டுக் கடைசி முப்பது கேள்விகளை வாசிக்காமலே தட்டியவர்கள் உண்டு. நான்கு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து எழுதிப் பழகாதவருக்கு 120ஐத் தாண்டியதும் ஆங்கில வாக்கியம் மண்டையில் ஏறாது. மூன்று முழுநீள மாதிரித் தேர்வு என்று நாங்கள் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றைத் தேர்வு நேரத்திலேயே, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுத வேண்டும்.

உங்கள் துறை செய்யும் ஒரு சின்ன வேலை பெரிய இழப்பாக முடிவதையும் சொல்ல வேண்டும். பணியாளர் பட்டியலில் உள்ளபடி மொத்தமாகப் பெயர் பதிகிறீர்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு பதிவில் முன்னால் நிற்கும், ஒன்றில் பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். பிஎம்ஐ கணக்கில் உள்ள பெயர் தேர்வன்று காட்டும் அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் போகும். தேர்வுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே இதைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

வீட்டிலிருந்து இணையவழியில் எழுதச் சொல்கிறீர்கள். அலுவலக மடிக்கணினியில் உங்கள் பாதுகாப்பு மென்பொருளும் விபிஎன்னும் தேர்வுச் செயலியை ஓடவிடாது. சொந்தக் கணினி, கம்பி வழி இணையம், இன்வெர்ட்டர், நான்கு மணி நேரம் யாரும் நுழையாத அறை ஆகிய நான்கும் இருப்பவர் வீட்டில் எழுதட்டும். கேள்வியை வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் உள்ளவர் வேண்டவே வேண்டாம். உதடு அசைந்தாலே கண்காணிப்பாளர் எச்சரிப்பார். மற்றவர்களுக்குத் தேர்வு மையமே உத்தமம்.

தேதியைத் தள்ளிவைப்பதிலும் கணக்கு உண்டு. தேர்வுக்கு 30 நாளுக்குள் மாற்றினால் தனிக் கட்டணம். 48 மணி நேரத்துக்குள் மாற்றினால் முழுக் கட்டணமும் காலி. மார்ச் மாதம்தான் உங்கள் ரிலீஸ்களும் கூடி நிற்கும் மாதம். வெள்ளிக்கிழமை இரவு அவசர அழைப்பு வந்து சனிக்கிழமைத் தேர்வைக் கைவிட்டவரிடம் கட்டணத்தை யார் தருவது? ‘முதல் முயற்சியில் தேறினால் மட்டும்’ என்ற உங்கள் விதிப்படி, அவரே.

அந்த விதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முயற்சி என்று நடத்துபவர்களே அனுமதிக்கிறார்கள். மறுதேர்வுக்குக் கட்டணமும் முதல் கட்டணத்தைவிடக் குறைவு. முதல் முயற்சியில் தவறியவருக்குக் கிடைக்கும் அறிக்கையில் ஒவ்வொரு களத்திலும் இலக்குக்கு மேல், இலக்கில், இலக்குக்குக் கீழ், மேம்பாடு தேவை என்று நான்கு நிலைகளில் ஒன்று இருக்கும். எந்தக் களத்தில் உழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஐந்தாறு வாரத்தில் திரும்ப எழுதலாம். அந்த இடத்தில் நீங்கள் அவரைக் கைவிடுகிறீர்கள். தேறியவர்களிடம் ‘மார்க் எவ்வளவு’ என்று கேட்டுப் பட்டியல் ஒட்டுவதும் நடக்கிறது. இந்தத் தேர்வில் மதிப்பெண் தரப்படுவதில்லை, தேர்ச்சி எல்லை எத்தனை சதவீதம் என்றும் பிஎம்ஐ வெளியிடுவதில்லை. இல்லாத எண்ணை வைத்து வரிசை போட முடியாது.

எனவே உங்களிடம் கேட்பவை இவை.

மார்ச் 31 என்ற கெடுவைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 18 வாரம் கொடுங்கள். தணிக்கைக்கு எடுக்கப்பட்டால் அது முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். இந்த ஆண்டுப் பதவி உயர்வோடு சான்றிதழை முடிச்சுப் போட்ட வரியை நீக்குங்கள்.

பட்டியல் போடும் முன் ஒவ்வொருவரின் மாதக் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். 36 மாதம் வராதவர்களைப் பிஎம்பிக்குத் தள்ளாதீர்கள். அவர்களுக்கு 23 மணி நேரக் கல்வி மட்டும் கேட்கும் சிஏபிஎம் என்ற பிஎம்ஐயின் தொடக்க நிலைச் சான்றிதழ் இருக்கிறது. அனுபவம் தேவையில்லை, 150 கேள்வி, 3 மணி நேரம். பின்னாளில் பிஎம்பிக்கு விண்ணப்பிக்கும்போது செல்லுபடியாகும் சிஏபிஎம் வைத்திருப்பவருக்கு அந்த 35 மணி நேர நிபந்தனையும் இல்லை. யாருடைய விண்ணப்பத்தையும் வேறொருவர் எழுதக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். உண்மையல்லாத விவரணைக்கு உறுதி தர மறுக்கும் மேலாளருக்குத் தொல்லை வராது என்றும் அதே உத்தரவில் சேருங்கள்.

வாரத்துக்கு நான்கு மணி அலுவலக நேரம் ஒதுக்குங்கள், அது நாள்காட்டியில் மற்றவர் கூட்டம் வைக்க முடியாத நேரமாக இருக்கட்டும். தேர்வுக்கு முன் இரண்டு நாள் விடுப்பும், தேர்வு வாரத்தில் இரவு அழைப்புப் பணியிலிருந்து விலக்கும் வேண்டும்.

கட்டணத்தை நிறுவனமே முன்கூட்டிக் கட்டட்டும், இரண்டாம் முயற்சிக்கும் சேர்த்து. தேர்வுக் கட்டணம் கட்டும் முன் பிஎம்ஐ உறுப்பினராக்கினால் கட்டணம் குறையும், பிஎம்பாக் மின்னூலும் கிடைக்கும். அந்தச் சந்தாவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது மூன்று நிபந்தனை: பிஎம்ஐயின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பது, நடப்பு உள்ளடக்கக் குறிப்பின்படி பாடம் நடத்துவது, உண்மைத் தேர்வுக் கேள்விகள் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் ஒப்பந்தம் ரத்து. 35 மணியை நான்கு நாளில் திணிக்காமல் ஐந்து வாரக்கடைசிகளாகப் பிரியுங்கள்.

கடைசியாக, சான்றிதழ் வந்ததோடு உங்கள் செலவு முடிவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 தொழில்வளர்ச்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதில் குறைந்தது 35 கல்வி வழியாக, பிஎம்ஐ வகுத்த மூன்று திறன் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது எட்டு இருக்க வேண்டும். டெண்டரில் காட்டிய சான்றிதழ் பாதி வழியில் காலாவதியாகக் கூடாது என்றால் புள்ளிக்கு ஒரு மணி வீதம் ஆண்டுக்கு 20 மணி நேரத்தை இப்போதே பயிற்சித் திட்டத்தில் எழுதிவையுங்கள்.

பிப்ரவரி முதல் வாரத்துக்குள் திருத்திய சுற்றறிக்கையை எதிர்பார்க்கிறோம். அதற்கு முன் தேர்வுத் தேதி பதிந்துவிட்டவர்கள் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ள வேண்டுமானால், 30 நாள் கணக்கு ஓடத் தொடங்குவதற்குள் உங்கள் பதில் அவர்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பிஎம்பி தேர்வுக்குப் படிப்பவர்களுடன் வாரக்கடைசியில் உட்காருபவர்கள்,
சென்னை